செவ்வாய்க்குப் போன விவேக் நகர் வானம்

குற்றச்சாட்டு இதுதான். 2024ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு, எலெக்ட்ரானிக் சிட்டியில் இயங்கும் ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, முப்பத்தாறு ஆண்டுகளாக அங்கே பணியிலிருக்கும் வண்ணத் திருத்துநர் திருமதி பெர்னதெத் மைக்கேல்ராஜ் என்பவருக்கு மெமோ ஒன்றை வழங்கியது. பள்ளிகளுக்கான சுவர்ப்படத்தில் செவ்வாய்க் கிரகத்தின் அந்திவானத்தை அவர் கவனக்குறைவால் நீலமாக அச்சேற விட்டார் என்பதும், அதனால் நாலாயிரம் தாள்கள் முடங்கின என்பதும் மெமோவின் சாரம். அந்த மெமோ, முதலாவதாக, அவரிடம் ஒரு சொல் விளக்கம் கேளாமல் தரப்பட்டது. இரண்டாவதாக, உண்மைக்கு மாறானது. செவ்வாயில் அந்தி நீலம்தான். மூன்றாவதாக, ‘ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட மாதிரி’யோடு ஒப்பிட்டு எழுதப்பட்டதாகச் சொல்லிக்கொண்டது, அந்த மாதிரி எது என்று காட்டவில்லை.

மெமோவைக் கையில் வாங்கிய பெர்னதெத் முதலில் செய்த காரியம், அதன் மேல் மூலையில் ‘பெறப்பட்டது, 11.20, உள்ளடக்கத்தை ஏற்காமல்’ என்று எழுதிக் கையெழுத்திட்டது. இரண்டாவது காரியம், மாடிப்படியிறங்கி வாயிலுக்கு வெளியே இருந்த ஜெராக்ஸ் கடையில் மூன்று பிரதிகள் எடுத்தது. மனம் கலங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கலங்கியதற்குக் காரணம் இருந்தது. அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஓய்வுபெறும் நாளில் கேன்டீனில் எல்லாரையும் கூட்டி, கேக் வெட்டுவதற்கு முன், அவருடைய பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தை உரக்க வாசிப்பார்கள். சேர்ந்த தேதி, வகித்த பதவிகள், பாராட்டுக் கடிதங்கள் இத்தனை, மெமோக்கள் இத்தனை. வேறு பேச்சு எதுவும் கிடையாது. மெஷின் ஹாலில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நான்கு வரிதான் பிரிவுரை. பெர்னதெத் அப்படி நாற்பது பேருடைய நான்கு வரிகளைக் கேட்டிருந்தார். தன்னுடையதை மனத்துக்குள் பலமுறை வாசித்தும் பார்த்திருந்தார்: பாராட்டு, ஒன்று, மெமோ, இல்லை. 2025 ஜனவரி 31 அவருடைய கடைசி நாள். இன்னும் எழுபத்து நான்கு நாள்கள் இருக்கும்போது அந்த ‘இல்லை’ போய்விட்டது.

*

அவர் அந்த அச்சகத்தில் சேர்ந்தது 1988 ஜூன் 1ஆம் தேதி. அப்போது அச்சகம் பிரேசர் டவுனில், மசூதிக்கும் ஒரு பேக்கரிக்கும் இடையிலிருந்த பழைய ஓட்டுக்கட்டடத்தில் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் தெரிந்த பெண்ணாக, பில் அடிக்கத்தான் அவரை எடுத்தார்கள். பில் அடிக்கும் மேசைக்கு எதிரே கலர் பிரிக்கும் அறையின் கதவு. ஒரு புகைப்படம் அந்தக் கதவுக்குள் ஒன்றாகப் போய் நான்கு ஃபிலிமாக வெளியே வரும்: சயான் என்னும் நீலம், மஜென்டா என்னும் செந்நிறம், மஞ்சள், கறுப்பு. உலகத்தில் உள்ள எல்லா நிறமும் இந்த நான்கின் விழுக்காடுதான் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து பெர்னதெத்துக்குப் பில் மேசையில் இருப்புக்கொள்ளவில்லை.

கற்றுத்தர யாரும் இல்லை. அந்த அறையில் இருந்தவர்களுக்குப் பேச நேரமில்லை. அதனால் அவர் கழிவுத்தாள்களைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனார். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் வண்ணப் பட்டை இருக்கும். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, புள்ளிகளை எண்ணி, இந்தப் புடவைக்கு இத்தனை, இந்த மாம்பழத்துக்கு இத்தனை என்று நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு வருடம். 1990இல் ஸ்கேனரில் இருந்தவர் துபாய்க்குப் போனபோது, பில் அடிக்கும் பெண் எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் தடுக்கவில்லை, மாலைக்குள் வேலை முடிந்திருந்தது.

அந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டங்கள் சில உண்டு. மனிதத் தோல் பச்சை தட்டக் கூடாது. சாதம் மஞ்சளடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வானம் நீலமாக இருக்க வேண்டும். காலண்டரோ கல்யாணப் பத்திரிகையோ சிமென்ட் விளம்பரமோ, வந்த ஸ்லைடில், அதாவது மூல வண்ண ஃபிலிம் துண்டில், வானம் நீலமாக இல்லாவிட்டால் ஸ்லைடு பழசாகிச் சாயம் கலங்கிவிட்டது என்று பொருள். சாயத்தை எடுத்துவிட்டு நீலத்தைக் கொண்டுவருவது திருத்துபவரின் பொறுப்பு. அப்படித்தான் எல்லாரும் செய்தார்கள். பெர்னதெத்தும் செய்தார். ஆனால் எந்த நீலம் என்பதில் மற்றவர்களுக்கு இல்லாத பிடிவாதம் அவருக்கு இருந்தது. மற்றவர்கள் கண்மதிப்பில் போட்டார்கள். அவர் வானத்தையே அளந்தார்.

டிண்ட் புத்தகம் என்று ஒன்று அச்சகங்களில் இருக்கும். பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள்; ஒவ்வொன்றின் கீழும் நான்கு மைகளின் விழுக்காடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெர்னதெத் அந்தப் புத்தகத்தோடு மொட்டைமாடிக்குப் போவார். தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று, புத்தகத்தை வானத்துக்கு நேராகப் பிடித்து, பொருந்தும் கட்டத்தைக் கண்டுபிடித்து, தேதி போட்டு எழுதுவார். ‘3-10-1990, மதியம் 1.15, மழை விட்ட பிறகு, ச 68, ம 28.’ ச என்றால் சயான், ம என்றால் மஜென்டா. பெங்களூரு வானத்துக்கு எண் போட்ட ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்த மாடிக்கு இன்னொருவரும் வருவார். மெஷின் ஹாலில் இரண்டு கலர் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த மைக்கேல்ராஜ், மை படிந்த கையை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுக் காய வைக்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வருவார். கை காய எவ்வளவு நேரம் ஆகும்? முதல் மாதம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு தினமும் ஒரே கேள்வி. “இன்னைக்கு எவ்வளவுங்க?” பெர்னதெத் எண்ணைச் சொல்வார். அவர் வானத்தை நிமிர்ந்து பார்த்து, ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு இறங்கிவிடுவார். ஏழு மாதம் இந்தப் பேச்சு மட்டும்தான் நடந்தது. கீழே பேக்கரியிலிருந்து பன் வெந்த வாசனை வரும். மசூதியின் தொழுகை அழைப்பு வரும். தூரத்தில் தேவாலயக் கோபுரத்துக்கு மேல் பருந்து ஒன்று வட்டமிடும். நகரத்தில் அவ்வளவு உயரமான கட்டடங்கள் இல்லாத காலம் அது. மாடியிலிருந்து பார்த்தால் வானம் நாலாபக்கமும் மரங்களில் போய் முடியும். எட்டாவது மாதம் மைக்கேல்ராஜ், “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்கான நம்பரை யார்கிட்ட கேக்கிறது?” என்றார். விவேக் நகர்க் கோயிலில் 1992 ஜனவரி 22ஆம் தேதி, புதன்கிழமை, அவர்களுக்குத் திருமணம் நடந்தது.

*

எண்கள் குறைந்ததை முதலில் கண்டதும் அந்த நோட்டில்தான். இரண்டாயிரத்தெட்டு, ஒன்பது வாக்கில், மேம்பாலங்களும் மெட்ரோ தூண்களும் எழும்பிய வருடங்களில், ஜனவரி வானத்தின் சயான் அறுபதிலிருந்து ஐம்பதுக்கு வந்தது, பிறகு நாற்பத்திரண்டு. கறுப்பு ஏறவில்லை, அதாவது வானம் இருளவில்லை; வெளுத்தது. பெர்னதெத்துக்கு இது விளங்கவில்லை. தூசி ஏறினால் அழுக்காகத்தானே ஆக வேண்டும்? வெளுப்பானேன்? அதற்கும் முன்னால், தூசியே இல்லாத காலத்தில் அது நீலமாக இருந்ததற்குக் காரணம் என்ன? இருபது வருடம் வானத்துக்கு எண் போட்டவருக்கு வானம் ஏன் நீலம் என்று தெரியாது என்பது அவருக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் சனிக்கிழமைகளில் கப்பன் பார்க் நூலகத்துக்குப் போகத் தொடங்கினார். ஒரு கையில் அகராதி, ஒரு கையில் கட்டுரை நோட்டு. புரிகிறவரை ஒரே பக்கத்தை நான்கு வாரம் படித்தார். அவருக்குப் புரிந்தவிதம் அச்சுக்காரருக்கே உரியது. சூரிய வெளிச்சம் எல்லா நிறமும் சேர்ந்த வெள்ளை. காற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. நீலத்தைப் பிடித்து நாலாபக்கமும் சிதறடிக்கும், சிவப்பைப் பெரும்பாலும் அப்படியே போகவிடும். சிதறிய நீலம் எல்லாத் திசையிலிருந்தும் நம் கண்ணுக்கு வருவதால் வானம் நீலம். மாலையில் வெளிச்சம் சாய்ந்து, நெடுந்தூரம் காற்றுக்குள் வருகிறது. வழியிலேயே நீலம் சிதறித் தீர்ந்துவிட, மிச்சம் சிவப்பு. பெங்களூரின் தூசியும் புகைத்துகளும் மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிக்கும். எல்லா நிறமும் சேர்ந்தால் வெள்ளை. அதனால்தான் ஜனவரி வெளுத்தது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த பக்கத்தில் நிலா இருந்தது. நிலாவில் சிதறடிக்கக் காற்றில்லை. நடுப்பகலில், தலைக்கு மேல் சூரியன் எரியும்போதும் வானம் கறுப்பு. விண்வெளியிலும் அதேதான். வெள்ளியின் தரையில் நின்றால் கனத்த காற்றும் மேகமும் நீலத்தைக் கீழே விடுவதில்லை, ஆரஞ்சு வானம். சனியின் டைட்டன் என்னும் துணைக்கோளில் புகைமூட்டமே ஆரஞ்சு. செவ்வாய்தான் அவரை உட்கார வைத்தது. அங்கே காற்று நம் காற்றில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதில் எப்போதும் மிதப்பது துருப்பிடித்த இரும்பு கலந்த நுண்தூசி. அந்தத் தூசி நீலத்தை விழுங்கிவிடுவதால் பகல் வானம் பழுப்பு கலந்த மஞ்சள். விழுங்காமல் விட்ட கொஞ்சநஞ்ச நீலத்தை அது வெகுதூரம் சிதறவிடுவதில்லை. சூரியன் இருக்கும் திசையை ஒட்டியே திருப்பிவிடுகிறது. அதனால் சூரியன் சாயும்போது அதைச் சுற்றி மட்டும் நீலம் கூடி நிற்கும். நம் ஊருக்கு நேர் தலைகீழ்: பகல் மங்கல், அந்தி நீலம்.

இந்தக் குறிப்புகள் எல்லாம் ‘வானம் – 1’, ‘வானம் – 2’ என்று இரண்டு ஃபைல்களாக வீட்டுப் பீரோவில் இருந்தன. அந்தப் பீரோவில் 1988ஆம் வருட நியமன உத்தரவு முதல் பிள்ளையின் தடுப்பூசி அட்டை வரை எல்லாம் இருந்தன. மைக்கேல்ராஜ் சட்டை வைக்கக் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிக்கொண்டார்.

*

2024 அக்டோபரில் வந்த சுவர்ப்படத்தின் தலைப்பு ‘வானங்கள் ஆறு’. பூமி, நிலா, செவ்வாயின் பகல், செவ்வாயின் அந்தி, வெள்ளி, டைட்டன். வாழ்நாளில் தனக்கென்றே வந்த வேலை அது ஒன்றுதான் என்று பெர்னதெத் நினைத்தார். பக்கத்துக் கணினியில் இருந்த க்ளென், அந்திப் படத்தைப் பார்த்துவிட்டு, “பிடி மேடம், ஃபைல் கெட்டுப்போயிருக்கு, நீலமும் சிவப்பும் இடம் மாறியிருக்கு” என்று கன்னடமும் தமிழும் கலந்து சொன்னான். ‘பிடி’ என்றால் கன்னடத்தில் விட்டுவிடுங்கள்; நான் மாற்றித் தருகிறேன் என்பது பொருள். மாற்ற வேண்டாம் என்று இவர் சொன்னார். படம் வந்தபடியே பிளேட் என்னும் அச்சுத்தகடாயிற்று, அச்சும் ஏறியது. பதிப்பகத்து ஆள் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டுப் பதறியபோது, நாலாயிரம் ஓடியிருந்தது.

தரக்கட்டுப்பாட்டு மேலாளர் நிருபமா, அச்சுத் தாள்களைச் சரிபார்க்கும் வெள்ளை விளக்குக்கு அடியில் படத்தை விரித்துவைத்துக்கொண்டு இவரை அழைத்தார். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், எம்.டெக். படித்தவர், கெட்டவர் அல்ல, அவசரக்காரர்.

“சூரியன் மறைஞ்சா வானம் சிவக்கும் மேடம். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்.”

“ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை செவ்வாய்க்குப் போனதில்லையே மேடம்.”

“நீங்க போயிருக்கீங்களா?”

பெர்னதெத் பதில் சொல்வதற்குள் நிருபமாவின் கைப்பேசி ஒலித்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர், அடுத்த வேலைநாளில் மெமோவாகத்தான் திரும்பி வந்தார்.

மெமோவுக்கு விளக்கம் எழுத ஏழு நாள் அவகாசம் தந்திருந்தார்கள். பெர்னதெத் விளக்கம் எழுதவில்லை. ‘ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட மாதிரியின் பிரதி கிடைத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் விளக்கம் தரப்படும்’ என்று எழுதிக்கொடுத்து, தன் பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டார். மாதிரி வந்து சேர்ந்தது நவம்பர் 27ஆம் தேதி மாலை, பழுப்பு உறையில். அலுவலகத்தில் அவர் அதைப் பிரிக்கவில்லை. எதிர்த்தரப்பின் ஆதாரத்தை உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும்.

*

டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, மைக்கேல்ராஜ் மட்டனை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, பெர்னதெத் சாப்பாட்டு மேசையில் உறையைப் பிரித்தார். உள்ளே ஒரு பழைய சுவர்ப்படத்தின் வண்ணப் பிரதி இருந்தது. பதிப்பாளர் தன் கிடங்கிலிருந்து எடுத்துத் தந்தது. ‘சூரியக் குடும்பம்’ என்று தலைப்பு. நாற்பது சிறு படங்கள். அவற்றில் செவ்வாய் இரண்டு: ஒன்றில் சிவந்த பாறைகளுக்கு மேல் பளிச்சென்ற நீல வானம், மற்றொன்றில் செக்கச்சிவந்த அந்தி. ‘இதே அச்சகம் முன்பு சரியாக அச்சிட்டது’ என்று ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

யாரோ ஒரு முட்டாள் செய்த வேலை என்று பெர்னதெத் நினைத்தார். செவ்வாயை எடுத்துப் பூமியாக்கி வைத்திருக்கிறான். அதை அப்படியே எழுதிவிட வேண்டியதுதான். தாளின் அடிவிளிம்பில் பொடி எழுத்தில் வேலை எண் இருந்தது: 98/0412.

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். 1998 ஃபைலை எடுத்தார். அதன் முதல் தாள், அவருடைய வாழ்நாளின் ஒரே பாராட்டுக் கடிதம். ஆகஸ்ட் 14, 1998. ‘வேலை எண் 98/0412-இல், சாயம் கலங்கி வந்த ஸ்லைடுகளை மிகத் திறமையாகத் திருத்தியமைக்காக.’

அதற்குப் பின்னால் வேலை அட்டையின் கார்பன் பிரதி. அவருடைய கையெழுத்து. ‘ஸ்லைடு 17, செவ்வாய் பகல்: வானத்தில் பழுப்புச் சாயம், நீக்கப்பட்டது. வானம் ச 62, ம 24. ஸ்லைடு 18, செவ்வாய் அந்தி: சூரியனைச் சுற்றி நீலக் கறை, நீக்கி ம, மஞ்சள் ஏற்றப்பட்டது.’

நாற்பது ஸ்லைடுகளில் இரண்டு. வரிசையாகப் பார்த்து, பகல் நீலமாக இல்லை, அந்தி சிவப்பாக இல்லை என்று கண்டு, அப்படி ஆக்கிவிட்டு, அடுத்ததற்குப் போயிருக்கிறார். இருபத்தாறு வருடத்தில் கை வழியாகப் போன படங்கள் லட்சத்துக்கு மேல். கை செய்ததை மனம் மறந்துவிட்டது, கார்பன் மறக்கவில்லை.

ச 62, ம 24 என்ற எண்ணை மட்டும் அவர் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் முறை முறைதான் என்று, வான நோட்டை எடுத்துப் பார்த்துச் சரிபார்த்தார். ‘22-1-1992, காலை 7.40, ச 62, ம 24.’ திருமணத்தன்று காலை, தலைக்கு எண்ணெய் தடவ அம்மா தேடிக்கொண்டிருக்க, நைட்டியோடு விவேக் நகர் வீட்டு மாடியேறி எடுத்த எண். அழகான வானம் வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் அவர் கை அந்த எண்ணுக்குத்தான் போகும்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றார் மைக்கேல்ராஜ்.

சொன்னார். மைக்கேல்ராஜ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வெங்காயக் கண்ணீரோடு சிரிக்க ஆரம்பித்தார். “நம்ம கல்யாண வானத்தையா கொண்டுபோய் செவ்வாய்ல ஒட்டுன? சொல்லியிருந்தா பந்தலையும் அங்கேயே போட்டிருக்கலாமே.”

பெர்னதெத்தும் சிரித்தார். அந்தக் காலை இருவருக்கும் ஞாபகத்துக்கு வந்தது. மைக்கேல்ராஜின் கோட்டு இரவல், தோளில் தொங்கும். பேண்டு வாத்தியக்காரர்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, தெருவில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பூசை முடிந்து படியிறங்கும்போது, ஃபோட்டோக்காரர் கேமராவைப் பாருங்கள் என்று கெஞ்சியும் மாப்பிள்ளை நிமிர்ந்து வானத்தைப் பார்த்தபடி, வாயசைக்காமல், “இன்னைக்கு எவ்வளவுங்க?” என்று கேட்டார். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது: பெண் சிரிக்கிறாள், மாப்பிள்ளைக்கு மோவாய் மட்டும் தெரிகிறது. கோயிலைச் சுற்றி அப்போது அத்தனை மரங்கள் இருந்தன. அவற்றுக்கு மேல் அந்த எண் அப்படியே விரிந்து கிடந்தது.

சிரிப்பு அடங்கியதும் மைக்கேல்ராஜ் மேசைக்கு வந்து காகிதங்களைப் பார்த்தார். அவரும் அதே அச்சகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். விஷயம் அவருக்கு உடனே பிடிபட்டது.

“இந்தக் கார்டு கம்பெனியில இருக்கா?”

“இல்ல. பிரேசர் டவுன்ல இருந்து மாத்துனப்ப, பழைய கார்டெல்லாம் எடைக்குப் போட்டாங்க.”

“அப்ப இது யார் செஞ்ச வேலைன்னு தெரிஞ்சது நீயும் நானும்தான்.”

“ஆமாங்க.”

“அப்புறம் என்ன? செவ்வாய் அந்தி நீலம்னு ஆதாரம் வெச்சிருக்கே. பழைய படம் தப்புன்னு எழுது. யார் பண்ணதுன்னு எதுக்கு எழுதணும்? மெமோ போயிடும், பாராட்டு நிக்கும். நீதி கேக்கப் போறவ எதிராளிக்குச் சாட்சியும் எடுத்துக் குடுத்துட்டு வருவாளா?”

“எதிராளி கையில இருக்கிற சாட்சியே நான் பண்ணதுதாங்க.”

மைக்கேல்ராஜ் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பெர்னதெத் அன்று பிற்பகல் முழுவதும் மேசையை விட்டு எழவில்லை. கணவர் சொன்னதில் தவறில்லை. முப்பத்தாறு வருடத்தில் ஒரே ஒரு காகிதம், தன்னைப் பற்றி நல்லவிதமாகச் சொன்ன காகிதம்; அதைத் தானே கொண்டுபோய்க் கிழித்துப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சுவர்ப்படம் எத்தனை பள்ளிகளுக்குப் போயிருக்கும்? எத்தனை வகுப்பறைகளில் எத்தனை வருடம் தொங்கியிருக்கும்? ஒருவேளை நிருபமாவே அதைப் பார்த்து வளர்ந்திருக்கலாம். செவ்வாயில் அந்தி சிவப்பு என்று அத்தனை உறுதியாகச் சொன்னாரே, அந்த உறுதியை அவருக்குக் கொடுத்தது யார்?

‘வானம் – 2’ ஃபைலில் ஒரு குறிப்பு இருந்தது. 1976இல் செவ்வாயில் இறங்கிய கலம் ஒன்று அனுப்பிய முதல் வண்ணப் படத்தில், அதைத் தயாரித்தவர்கள் வானத்தை நீலமாகவே வெளியிட்டார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள். அவர்கள் கையும் பழக்கத்தில் அங்கேதான் போயிற்று. கலத்தின் மேலேயே சிறிய வண்ண அட்டை ஒன்று பொருத்தியிருந்தார்கள், அச்சுத் தாளின் ஓரத்துப் பட்டை மாதிரி. அதனோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் தப்பு தெரிந்தது. உலகத்துக்கு முன்னால் திருத்தி வெளியிட்டார்கள். 2011இல் இதை எழுதிவைத்தபோது பெர்னதெத்துக்கு அவர்கள் மேல் கொஞ்சம் சிரிப்பு வந்திருந்தது. நோட்டின் ஓரத்தில் ‘இவர்களுமா!’ என்றுகூட எழுதியிருந்தார்.

நாலரை மணிக்கு டைப் அடிக்கும் தாளை எடுத்து, வலது மூலையில் தேதி போட்டார். இணைப்புகள் என்ற தலைப்பின் கீழ் முதலில் எழுதியது, வேலை அட்டையின் கார்பன் பிரதி.

*

டிசம்பர் 4ஆம் தேதி, புதன்கிழமை, மனு பதினொரு பக்கமாக நிருபமாவின் மேசைக்குப் போனது. நிருபமா நின்றபடி படிக்கத் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். செவ்வாய்ப் பகுதியை இருமுறை படித்தார். கார்பன் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைச் சேக்காமலே மெமோவை எடுத்திருக்கலாமே மேடம். இப்ப உங்க பாராட்டுக் கடிதமும் போயிடும்.”

“அதைத்தான் கேட்டிருக்கேன்.”

நிருபமா பதினொரு பக்கத்தையும் அடுக்கி மேசையில் வைத்தார். பிறகு, தன்னளவில் மெமோ தவறு என்றும், மேலே பேசிவிட்டுச் சொல்வதாகவும் மெதுவாகச் சொன்னார்.

“சொல்ல வேண்டாம் மேடம். எழுதிக் குடுங்க.”

தன் பிரதியில் முத்திரையும் நேரமும் வாங்கிக்கொண்டு பெர்னதெத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். மனுவின் கடைசிப் பத்தி பின்வருமாறு அமைந்திருந்தது:

‘ஆகவே, (1) 18-11-2024 தேதியிட்ட மெமோ, உண்மைக்கு மாறானது என்ற காரணத்தைக் குறிப்பிட்டு, திரும்பப் பெறப்பட வேண்டும். (2) 14-8-1998 தேதியிட்ட பாராட்டுக் கடிதம், தவறான வேலைக்காக வழங்கப்பட்டது என்ற காரணத்தைக் குறிப்பிட்டு, ரத்து செய்யப்பட வேண்டும். (3) முடக்கப்பட்டுள்ள நாலாயிரம் தாள்களும், எந்தத் திருத்தமும் இன்றி, பள்ளிகளுக்கு அனுப்பப்பட வேண்டும். (4) வேலை எண் 98/0412-இன்படி அச்சான சுவர்ப்படம் இன்னும் எங்கேனும் தொங்கினால், அதில் உள்ள செவ்வாய் வானம் செவ்வாயினுடையது அல்ல, பெங்களூரு விவேக் நகருடையது என்று தெரிவிக்கும் திருத்தக் குறிப்பு ஒன்று பதிப்பாளர் மூலம் வெளியிடப்பட வேண்டும். (5) 31-1-2025 அன்று என் பதிவேடு வாசிக்கப்படும்போது, பாராட்டு இல்லை, மெமோ இல்லை என்றே வாசிக்கப்பட வேண்டும். இந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, காரணங்களோடும் கையெழுத்தோடும், 20-12-2024 மாலை ஐந்து மணிக்குள் எழுத்துப்பூர்வமான பதில் தருமாறு கோருகிறேன். வாய்மொழியாகச் சொல்லப்படும் எதையும் பதிலாக ஏற்க இயலாது.’